பெட்டிக்குள்ளே பெய்த மழை

"பாப்பா, உனக்கு வாய் இருக்கா, இல்ல உங்க வாப்பா அதையும் கடையில வச்சு வித்துட்டாரா?"

தம்பையா அண்ணன் ஒரு நாள் மர்லியாவிடம் இப்படித்தான் கேட்டார். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மர்லியாவின் வாப்பா ஜாபிர் முதலாளியும் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

மர்லியா நெருப்புப் பெட்டியைத் தம்பையா அண்ணனின் கையில் வைத்துவிட்டு, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளுக்குப் பதில் தெரியாமல் இல்லை. பதில் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே வந்ததும், கதவு பூட்டிய வீட்டுக்கு வந்த விருந்தாளி போலத் திரும்பிப் போய்விட்டது.

மர்லியாவுக்குப் பதினொரு வயது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, பதுளை பஸ் திரும்பும் இடத்தில்தான் அவர்களுடைய கடை. கடைக்குப் பின்னால் வீடு. தோட்டத்து ஆட்கள் அரிசி, மா, மண்ணெண்ணெய், வெற்றிலை எல்லாம் அங்கேதான் வாங்கினார்கள்.

தம்பையா அண்ணன் தோட்டத்து லொறியில் வேலை செய்பவர். நல்ல மனிதர். ஆனால் அவருடைய வாய்க்கு ஓய்வு நாள் கிடையாது. லொறி வருவதற்கு முன்பே அவருடைய குரல் வந்துவிடும்.

மர்லியாவுக்குப் பிடித்தமான ஆள் இராக்கம்மாதான்.

இராக்கம்மா கொழுந்து பறிப்பவர். பிறந்ததிலிருந்தே அவருக்குக் காது கேட்காது. பேச்சும் வராது. ஆனால் அவருடைய கைகள் பேசின. கட்டை விரலையும் சுட்டு விரலையும் சேர்த்துத் தேய்த்தால் தேயிலைத் தூள். நாக்கை நீட்டி முகத்தைச் சுளித்தால் உப்பு. மூக்கைப் பிடித்தால் மண்ணெண்ணெய்.

ஆட்களுக்கும் அவரிடம் பெயர் உண்டு. தாடியைத் தடவினால் வாப்பா. விரல்களைக் காகத்தின் அலகு போல மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினால் தம்பையா அண்ணன். உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தால் மர்லியா.

அந்தப் பெயர் மர்லியாவுக்குப் பிடித்திருந்தது. இராக்கம்மா கடைக்கு வந்தால் வாப்பாவுக்கு முன்னே அவள்தான் ஓடிப் போவாள். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள வாயே தேவைப்படவில்லை.

அந்த வருடம்தான் வாப்பா பதுளையிலிருந்து ஒரு டெலிவிஷன் பெட்டி வாங்கி வந்தார். கறுப்பு வெள்ளைப் படம் காட்டும் சின்னப் பெட்டி. கடையில் கரண்ட் இல்லாததால் அதற்கு ஒரு கார் பெட்டரியும் கூடவே வந்தது.

"பெட்டி மட்டும் போதாது மொதலாளி. அன்டனா வேணும்" என்றார் தம்பையா அண்ணன். "அதை மட்டும் என் பொறுப்புல விடுங்க. ரேடியோவுக்குக் கம்பி கட்டின கை இது."

வீட்டுக்குப் பின்னால் மண்மேடு. மேட்டின் உச்சியில் ஒரு கொய்யா மரம். அதன் பக்கத்தில் நீளமான மூங்கிலை நட்டு, அதன் உச்சியில் அலுமினியக் குழாய்கள் பூட்டிய அன்டனாவைக் கட்டினார். மூங்கிலைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, பொழுது சாயும் பக்கம் பார்க்க வைத்தார். நுவரெலியாப் பக்கத்து மலையிலிருந்துதான் படம் வருகிறதாம்.

அன்டனாவிலிருந்து ரிப்பன் போலத் தட்டையான ஒரு வயர் இறங்கி வந்தது. அது பின்கதவுக்குப் பக்கத்தில், கூரைக்குக் கீழே கையெட்டும் உயரத்தில் ஓடி, ஜன்னல் வழியாக உள்ளே போய்ப் பெட்டியில் சேர்ந்தது.

"இவ்வளவு தாழ்வா இருக்கே தம்பையா" என்றார் மர்லியாவின் உம்மா.

"வயரு எங்க ஓடுனா என்னங்கம்மா? படம் வயருக்கு உள்ளதான ஓடுது" என்றார் தம்பையா அண்ணன்.

அன்று மாலை பெட்டிக்குள்ளே ஒரு மனிதர் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தார். அங்கம்மா என்ற பெரியம்மா அவசரமாகத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்னா அங்கம்மா, அவருக்கு உன்னயத் தெரியாது" என்றார் தம்பையா அண்ணன்.

"தெரியாட்டி என்னா, மரியாதைன்னு ஒண்ணு இல்ல?"

அந்த நாளிலிருந்து மாலையானால் பின்கதவு வழியாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, பலகைகளில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எல்லோரையும்விட அதிகம் மகிழ்ந்தவர் இராக்கம்மாதான். கடையில் முன்பு ரேடியோ மட்டும்தான் இருந்தது. ரேடியோவில் நாடகம் போகும்போது எல்லோரும் சிரிப்பார்கள். இராக்கம்மா அவர்களுடைய முகங்களைப் பார்த்து, ஒரு நொடி தாமதித்துச் சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

இந்தப் பெட்டி அப்படி இல்லை. ஒரு சிரிப்புப் படத்தில் ஒரு தடியர் ஏணியோடு சுற்றித் திரும்பும்போது, பின்னால் நிற்பவரின் தொப்பி பறக்கப்போகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் இராக்கம்மா. அவர்தான் முதலில் சிரித்தார். மற்றவர்கள் ஒரு நொடி தாமதித்துச் சிரித்தார்கள்.

செய்தி சிங்களத்தில் வந்தால் பலகையில் இருந்த பாதிப் பேருக்குப் புரியாது. அந்த நேரத்தில் இராக்கம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

படம் முடிந்ததும் அவர் எழுந்து நின்று அந்தத் தடியரைப் போல ஏணி தூக்கிக் காட்டுவார். ஏணியே இல்லாமல் ஏணி தெரியும். அங்கம்மா பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "பெட்டியில வர்றவனவிட இவ நல்லாச் செய்றாளே" என்பார்.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு மழைக்காலம் வந்தது.

வெளியே மழை பெய்யத் தொடங்கியதும் பெட்டிக்குள்ளேயும் மழை பெய்தது. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கழுத்துப் பட்டி கட்டியவரின் தலை எது, மேசை எது என்று தெரியவில்லை. குரல் மட்டும் கரகரவென்று வந்தது.

வாப்பா பெட்டியின் இடது பக்கம் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு வலது பக்கம் தட்டினார்.

"பெட்டி என்ன செஞ்சிச்சு, அதைப் போட்டு அடிக்கிறீங்க?" என்றார் உம்மா.

பெட்டரியைப் பார்த்தார்கள். அது நன்றாக இருந்தது. பெட்டிக்குப் பின்னால் வயர் பூட்டிய ஆணிகளை இறுக்கினார்கள். படம் வரவில்லை. கொய்யா மரத்தில் ஒரு கிளையை வெட்டினார்கள். கொய்யாக்காய்தான் வந்தது.

"அன்டனாவைத் திருப்பணும்" என்று தம்பையா அண்ணன் குடையோடு மேட்டில் ஏறினார்.

அவர் மேலே மூங்கிலைத் திருப்புவார். உள்ளே பெட்டியைப் பார்ப்பவர்கள் படம் தெரிகிறதா என்று கத்திச் சொல்ல வேண்டும். அதில்தான் சிக்கல். மலைக்காற்று பொல்லாத காற்று. அது சொற்களின் வாலைத் தின்றுவிடும்.

"தெரியுதா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"தெரியல" என்று கீழேயிருந்து கத்தினார்கள்.

மேலே 'தெரி' மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. தெரியுதாம் என்று தம்பையா அண்ணன் மூங்கிலை இறுக்கிக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். உள்ளே வந்து பார்த்தால் பெட்டியில் அடைமழை.

"தெரியுதுன்னு சொன்னீங்களே?"

"தெரியலன்னுதான சொன்னோம்."

"வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டா சொன்னீங்க?"

மறுபடி ஏறினார். இந்தத் தடவை 'தெரியுது' என்று நிஜமாகவே கத்தினார்கள். ஒரு கணம் படம் வந்திருந்தது. மேலே 'தெரி' மட்டும் கேட்டது. போன தடவை மாதிரி ஏமாறக்கூடாது என்று அவர் மூங்கிலை இன்னும் நன்றாகத் திருப்பினார். வந்த படமும் போய்விட்டது.

பல நாட்கள் இப்படியே நடந்தது. சில மாலைகளில் மழை பெய்தாலும் முதலில் படம் தெளிவாக வரும். ஆட்கள் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் கெட்டுப்போகும். தம்பையா அண்ணன் நனைந்து நனைந்து தும்மத் தொடங்கினார். ரேடியோவுக்குக் கம்பி கட்டின கை என்று சொன்ன கையை எல்லோரும் கேலியாகப் பார்த்தார்கள்.

ஒரு மாலை, படம் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. பின்கதவு வழியாக இராக்கம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். உடனே பெட்டிக்குள் மழை பிடித்துக்கொண்டது.

"அதான பாத்தேன்" என்றார் தம்பையா அண்ணன். "என் அன்டனாவுல ஒரு குத்தமும் இல்ல. இராக்கம்மா வந்து குந்துனாத்தான் பெட்டிக்கு மழை புடிக்குது. அவ ராசி அப்பிடி."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அங்கம்மா பெரியம்மா சிரிக்கவில்லை.

"நேத்தும் அப்பிடித்தான். அவ வந்தா, படம் போச்சு" என்றார் மெதுவாக.

"முந்தா நாளும்" என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் இராக்கம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் காது கேட்காதவர்களுக்கு முகம் படிக்கத் தெரியும். அவர் பெட்டியைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். தன் மார்பில் விரலை வைத்து, 'நானா?' என்று கேட்டார்.

அங்கம்மா பெரியம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டார். மர்லியாவின் தொண்டை வரை 'இல்ல' வந்தது. கதவு பூட்டியிருந்தது.

இராக்கம்மா எழுந்து வெளியே போனார்.

அடுத்த நாளும் மழை. கூரைத் தகரத்தில் கடகடவென்று கொட்டியது. எல்லோரும் வந்தார்கள். இராக்கம்மா வரவில்லை.

படம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது.

"அப்ப ராசிதான் போல இருக்கே" என்றார் அங்கம்மா பெரியம்மா. அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை. கொஞ்சம் பயம்தான் இருந்தது.

தம்பையா அண்ணன் தலையைச் சொறிந்தார். "நான் சும்மா சொன்னேன்..." என்று இழுத்தார்.

வாப்பாவின் முகம் வாடியிருந்தது. "மனுசருக்கு மழை புடிக்கிற ராசி எங்கயாவது இரிக்கா?" என்றார். ஆனால் படம் தெளிவாக இருந்ததால் அவராலும் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

பெட்டியில் அந்த ஏணித் தடியர் மறுபடி வந்தார். தொப்பி பறந்தது. இராக்கம்மா உட்காரும் இடம் காலியாக இருந்தது. யாரும் முதலில் சிரிக்கவில்லை.

மர்லியாவால் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து பின்கதவைத் தாண்டி வந்து கூரைக்குக் கீழே நின்றாள். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. மேட்டில் மூங்கில் காற்றில் ஆடியது. தட்டை வயர் அவள் தலைக்குச் சற்று மேலே ஓடியது.

வயரில் ஏதோ ஒட்டியிருந்தது. குதிக்காலை உயர்த்திப் பார்த்தாள். ஒரு தேயிலைக் கொழுந்து. அதன் இரண்டு பக்கத்திலும் ஒரு முழ நீளத்துக்கு வயரில் பழுப்பு நிறக் கறை படிந்திருந்தது.

கொழுந்து எப்படி வயருக்கு வந்தது?

மர்லியா யோசித்தாள். மற்றவர்கள் வேலை முடிந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போய், குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வருவார்கள். இராக்கம்மா மட்டும் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே இங்கே வருவார். படத்தில் கொஞ்சமும் தவறவிடக் கூடாது என்று அவருக்கு அவ்வளவு ஆசை. கூடையைக் கதவுக்கு வெளியே வைப்பார். பிறகு இடுப்பிலிருந்து படங்கை அவிழ்ப்பார். படங்கு என்பது செடி குத்தாமல் இருக்கக் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் சாக்கு. அதில் தண்ணீர் சொட்டும். கடைத் தரை நனைந்துவிடக்கூடாது என்று இராக்கம்மா அதைக் கழற்றி வெளியே போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

எங்கே போடுவார்?

கையெட்டும் உயரத்தில், கூரைக்குக் கீழே, நனையாத இடத்தில், கொடி கட்டினாற்போல ஒரு வயர் ஓடினால் வேறு எங்கே போடுவார்?

மூலையில் ஒரு வெற்று வெங்காயச் சாக்கு கிடந்தது. அதை எடுத்துக் கூரைத் தண்ணீரில் நனைத்தாள். இரண்டு கையாலும் தூக்கி வயரில் போட்டாள்.

"ஐயோ, போச்சு" என்றது உள்ளே ஒரு குரல்.

சாக்கை எடுத்தாள்.

"வந்திருச்சு."

மறுபடி போட்டாள்.

"மறுபடி போச்சே. தம்பையா, கொஞ்சம் பாரப்பா."

தம்பையா அண்ணன் குடையை விரித்துக்கொண்டு அவசரமாக வெளியே வந்தார். சுவரோடு ஒட்டி நின்ற மர்லியாவை அவர் கவனிக்கவில்லை. வழுக்கி வழுக்கி மேட்டில் ஏறினார். மூங்கிலைப் பிடித்தார். மர்லியா சாக்கை எடுத்தாள்.

"தெரியுது" என்று உள்ளே எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். இத்தனை பேர் கத்தினால் மலைக்காற்றுக்கு முழுதாகத் தின்ன முடியாது.

"பாத்தீங்களா? ஒரு நூல்தான் திருப்புனேன்" என்று மேலேயிருந்து பெருமையாகக் குரல் வந்தது.

மர்லியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு தடவை சாக்கைப் போட்டாள். உள்ளே 'போச்சு' என்றார்கள். மேலே தம்பையா அண்ணன் மூங்கிலைத் திருப்பப் போனார். தும்மல் வந்துவிட்டது. மூங்கிலை விட்டுவிட்டு லேஞ்சுத் துணியை எடுத்து மூக்கைச் சிந்தினார். சரியாக அந்த நேரத்தில் மர்லியா சாக்கை எடுத்தாள்.

"தெரியுது, தெரியுது."

தம்பையா அண்ணன் மூங்கிலைப் பார்த்தார். அதை அவர் தொடவே இல்லை. பிறகு கையில் இருந்த லேஞ்சைப் பார்த்தார். லேஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்தார்.

உள்ளே அங்கம்மா பெரியம்மா ஒரு கேள்வியோடு காத்திருந்தார்.

"இன்னைக்கு இராக்கம்மா வரலியே. அப்ப எப்பிடிப் படம் போச்சு?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பையா அண்ணன் தும்மினார்.

பின்கதவில் மர்லியா நின்றாள். அவளுடைய கைகளில் இருந்து தண்ணீர் சொட்டியது. இப்போது பேசாவிட்டால் அந்த இடம் எப்போதும் காலியாகவே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. பதில் தொண்டைக்கு வந்தது. கதவு பூட்டியிருந்தது. மர்லியா அதை இடித்துத் தள்ளினாள்.

"சாக்கு" என்றாள்.

"யாரு சாக்குச் சொல்றது?" தம்பையா அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மழையில நனைஞ்சு மேட்டுல ஏறி எறங்குறேன், சாக்குச் சொல்றேங்கிறியே பாப்பா?"

"அந்தச் சாக்கு இல்ல. இந்தச் சாக்கு."

மர்லியா வெங்காயச் சாக்கைத் தூக்கிக் காட்டினாள். எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள், அப்புறம் பயம் வந்துவிடும் என்று, அவள் வேகமாகச் சொன்னாள்.

"ஈரச் சாக்கு வயருல தொங்கினாப் படம் போகுது. எடுத்தா வருது. யார் போட்டாலும் போகும். இப்ப போட்டது நான்."

வாப்பா எழுந்து வந்தார். சாக்கை வாங்கித் தானே வயரில் போட்டார். உள்ளே 'போச்சு' என்றார்கள். எடுத்தார். 'வந்திருச்சு' என்றார்கள். வாப்பாவுக்கு அது விளையாட்டுப் போலப் பிடித்துவிட்டது. இன்னும் இரண்டு தடவை செய்தார்.

"போதும், சாக்கைக் கீழ போடுங்க. படம் பாக்கணும்" என்றார் உம்மா.

"அப்ப இத்தனை நாளும் போட்டது யாரு?" என்று கேட்டார் தம்பையா அண்ணன். கேட்ட பிறகுதான் அவருக்கே புரிந்தது. "இராக்கம்மாவோட படங்கா? நான் சொன்னது சரிதான் பாத்தீங்களா, அவளாலதான்..."

"அவங்க தரை நனையக் கூடாதுன்னுதான் வெளிய கழட்டிப் போடுறாங்க." மர்லியா குறுக்கிட்டாள். "ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது கொடி மாதிரி இருந்திச்சு, போட்டாங்க. அதுல போடக்கூடாதுன்னு அவங்களுக்கு யாரும் கையால சொல்லல. நமக்கே தெரியாது."

அவள் வாழ்க்கையில் இவ்வளவு நீளமாகக் கடையில் பேசியதில்லை.

"அது சரி" என்றார் உம்மா. "அந்த வயரைக் கொடி மாதிரித் தாழ்வாக் கட்டினது யாரு?"

எல்லோரும் தம்பையா அண்ணனைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். தும்மல்கூட வரவில்லை.

அடுத்த நாள் மழை விட்டிருந்தது. ஆனால் செடியெல்லாம் ஈரம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மர்லியா தோட்டத்துப் பாதையில் ஏறிப் போனாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். இராக்கம்மா கூடையை இறக்கிவிட்டுத் திரும்பினார். மர்லியாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

மர்லியா கைகளால் ஒரு பெட்டி வரைந்தாள். 'வாங்க' என்று அழைத்தாள்.

இராக்கம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். தன் மார்பைத் தொட்டார். பெட்டி வரைந்தார். பத்து விரல்களையும் மேலிருந்து கீழே இறக்கி மழை பெய்யச் செய்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

'நீங்க இல்ல' என்று மர்லியா கையை ஆட்டினாள். குனிந்து இராக்கம்மாவின் படங்கின் நுனியைப் பிடித்து இழுத்தாள். 'இது.' அதைப் பிழிந்து தண்ணீர் சொட்டச் செய்தாள். வயர் ஓடுவதைக் காட்டினாள். வயரில் படங்கைப் போடுவதைக் காட்டினாள். மழை. எடுப்பதைக் காட்டினாள். மழை இல்லை. பிறகு காகத்தின் அலகைக் காட்டி, அது குடை பிடித்து மேட்டில் ஏறுவதையும், வழுக்குவதையும், மூக்கைச் சிந்துவதையும், லேஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதையும் செய்து காட்டினாள்.

இராக்கம்மா முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு தன் படங்கைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். வரிசையில் நின்ற பெண்கள் எதற்கென்று தெரியாமலே, ஒரு நொடி தாமதித்துச் சிரித்தார்கள்.

இரண்டு பேரும் இறங்கி வந்தபோது கடைக்குப் பின்னாலிருந்து டொக் டொக் என்று சத்தம் கேட்டது. தம்பையா அண்ணன் அங்கே இருந்தார். தட்டை வயர் கூரைக்கு மேலே உயரமாக ஏறியிருந்தது. அதை எட்ட வேண்டுமானால் இனி ஏணி வேண்டும். வயர் இருந்த இடத்துக்கு எதிர்ப் பக்கத்தில், சுவரோரமாக இரண்டு கட்டைகள் நட்டு, நல்ல கயிறு ஒன்று இழுத்துக் கட்டியிருந்தார். அதை அசைத்துப் பார்த்தார். பத்துப் படங்கு போட்டாலும் அறாது.

அவர் இராக்கம்மாவைப் பார்த்தார். எதையோ சொல்ல நினைத்தார். சொன்னாலும் கேட்காது என்பது நினைவுக்கு வந்தது. கையால் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை. கயிற்றை ஒரு தடவை தட்டிக் காட்டினார். அவ்வளவுதான்.

இராக்கம்மா படங்கை அவிழ்த்து, உதறி, அந்தக் கயிற்றில் போட்டார். மடிப்பில்லாமல் நீவி விட்டார்.

உள்ளேயிருந்து அங்கம்மா பெரியம்மா எட்டிப் பார்த்தார். "வா, வா" என்று வாயால் கூப்பிட்டுவிட்டு, பிறகு ஞாபகம் வந்து கையால் கூப்பிட்டார். பலகையில் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார்.

இராக்கம்மா கதவருகில் நின்று மர்லியாவைத் திரும்பிப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார். அது மர்லியாவின் பெயர். கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்த விரலை எடுத்துவிட்டு, ஐந்து விரல்களையும் உதட்டருகில் குவித்து, பூ மலர்வது போல விரித்தார்.

புதுப் பெயர்.

மர்லியாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தம்பையா அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஆணிகளைப் பொறுக்கினார். சுத்தியலைத் துடைத்தார். கடைக்குப் பின்னால் இவ்வளவு நேரம் அவருடைய குரல் கேட்காமல் இருந்ததே இல்லை.

மர்லியா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பையாண்ணே, உங்களுக்கு வாய் இருக்கா, இல்ல எங்க வாப்பாக்கிட்ட வித்துட்டீங்களா?"

கடைக்குள்ளே வாப்பா பெருஞ்சத்தமாகச் சிரிப்பது கேட்டது. தம்பையா அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் லயத்துப் பாதையில் ஏறிப் போனார். அவருடைய முதுகு மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே போனது.